அணைக்காமல் வந்த மடிக்கணினி

அந்த மடத்துக்குப் பலகையில் எழுதிய பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. பஸ் கண்டக்டர் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அது பாதி எழுத்து மடம்.

காரணம் அங்கிருந்த ஒரு வழக்கம். பொழுது சாயும்போது மணி அடிக்கும். அடித்த நொடியில் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வழிபாட்டுக்குப் போக வேண்டும். எழுதுகிறவர் எழுத்தின் பாதியில் பேனாவை வைப்பார். கத்தரிக்காய் நறுக்குகிறவர் கத்தியைக் காயிலேயே விட்டு எழுவார். கூட்டுகிறவரின் குப்பை நடுக்கூடத்தில் கிடக்கும். வழிபாடு முடிந்ததும் அவரவர் திரும்பி வந்து, வேறு எதையும் தொடும் முன், விட்ட பாதியை முடிப்பார்கள்.

நாச்சிமுத்துவிடம் மட்டும் பாதி என்று எதுவும் இருந்ததில்லை. மணி அடிக்கப் போகிறவரின் காலடிச் சத்தம் கேட்கும்போதே, கையில் இருந்ததை முடித்து, துடைத்து, எடுத்து வைத்துவிடுவார். அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையை ஒளித்து வைக்கவும் அவருக்குத் தெரியாது.

ஐம்பத்தேழு வயது. தாராபுரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு துணிப்பையும் ஒரு பழைய மடிக்கணினியுமாக வந்து இறங்கினார். பையை அறையில் வைத்தார், கணினியை மடத்துக்குக் கொடுத்தார். வெளியூர் அன்பர்களுக்கு மாதாமாதம் அனுப்பும் பாடங்களை அன்றிலிருந்து அதில்தான் தட்டச்சு செய்தார்கள்.

மடத்தின் குரு மதுரவல்லி அவரைவிட ரொம்பவே இளையவர். நாச்சிமுத்து அவரை அம்மா என்றார். அவர் நாச்சிமுத்துவை ஐயா என்றார். யாருக்கு யார் அடங்கியவர் என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், நாச்சிமுத்து யாருக்கும் அடங்கியவர் இல்லை.

ஒரு நாள் காலையில் அவர் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, எனக்குப் பின்னால வந்தவங்களுக்கெல்லாம் புதுப் பேரு குடுத்துட்டீங்க. எனக்கு மட்டும் இல்லீங்க."

மடத்தில் முழுத் துறவு ஏற்பவருக்குப் பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வரும். அதன்பின் பழைய பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. நாச்சிமுத்து அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார்.

"என்ன அவசரம் ஐயா?"

"அவசரம் இல்லீங்க, நியாயம். பேரு வாங்குனவங்கள்ல பாதிப் பேரு இன்னும் வீட்டுக்கு போன் பேசறாங்க. நான் வந்த நாள்ல இருந்து ஒருத்தருகிட்டவும் பேசலை. இந்த மடத்துல எல்லாத்தையும் விட்டுப்போட்டு வந்தவன் நான் ஒருத்தன்தானுங்க."

மதுரவல்லி கணினி இருந்த அறைப் பக்கம் பார்த்தார்.

"அந்தப் பொட்டியில இண்டர்நெட் சரியா வரலைன்னு சொன்னாங்களே?"

"உள்ள இருக்கறது பழசாயிருச்சுங்க. புதுசு போடணும்."

"போட்டுடுங்க. போட்டுட்டு வந்து பேரு கேளுங்க."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. பேருக்கும் பொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தார். ஆனால் வேலை சின்ன வேலை. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு வந்து கேட்டால் இன்னும் உறைப்பாக இருக்கும் என்று போய்விட்டார்.

அந்தக் கணினிக்குள் இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் விண்டோஸ். ஊரில் பிளான் வரைய அதைத்தான் வைத்திருந்தார். மறுபக்கம் லினக்ஸ். கணினியைப் போட்டதும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திரையில் இரண்டு வரி வரும். மடத்தில் எல்லோரும் மேல் வரியான லினக்ஸையே தேர்ந்தெடுத்தார்கள். கீழ் வரியைத் தொட வேண்டாம் என்று நாச்சிமுத்து முதல் நாளே சொல்லியிருந்தார்.

மடத்துப் பாடங்களையெல்லாம் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த மட்டில் கெட்டிக்காரர். புது லினக்ஸை இன்னொரு பென்டிரைவில் ஏற்றிக் கணினியில் செருகினார். புதியதற்கு இடம் கூடுதலாக வேண்டும். இடமெல்லாம் விண்டோஸ் பக்கம் சும்மா கிடந்தது. அதைக் கொஞ்சம் சுருக்கச் சொன்னார்.

கணினி மறுத்தது. விண்டோஸ் இன்னும் அணைக்கப்படவில்லை, உறக்கத்தில் இருக்கிறது, அதற்குள் போய் முறையாக அணைத்துவிட்டு வரவும் என்று ஒரு செய்தி வந்தது.

"எனக்கே சொல்லித் தர்றியா" என்றார் நாச்சிமுத்து. மறுபடி சுருக்கச் சொன்னார். மறுபடி மறுத்தது.

அதற்குமேல் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இருந்த லினக்ஸை அழித்தார். அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே புதியதைத் திணித்தார். பாதி ஏறியதும் இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் வெறும் கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மேல் வரியும் இல்லை, கீழ் வரியும் இல்லை.

அன்று மதியம் அவர் சாப்பிட வரவில்லை. பேர் கேட்கவும் வரவில்லை.

மறுநாள் டவுனில் கடை வைத்திருக்கும் ரியாஸ் வந்தார். பென்டிரைவில் இருந்தே கணினியை எழுப்பி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், இந்த விண்டோஸைக் கடைசியா எப்ப ஆஃப் பண்ணீங்க?"

"ஊர்ல இருந்து கெளம்பறப்ப மூடியைச் சாத்துனேன்."

"சாத்துனா ஆஃப் ஆகாது சார், இதுல அப்படி செட் பண்ணியிருக்கு. செஞ்சுகிட்டு இருந்த வேலையை அப்படியே உள்ள வெச்சுகிட்டுத் தூங்கும். அன்னைக்குப் படுத்தது இன்னும் எந்திரிக்கலை. முக்கால்வாசி இடத்தையும் புடிச்சு வெச்சிருக்கு. தானும் வேலை செய்யாது, அடுத்ததையும் செய்ய விடாது."

"வெளிய இருந்து அணைக்க முடியாதா?"

"அதை அதாலதான் சார் அணைக்க முடியும். உள்ள போயி, முறையா ஷட்டவுன் குடுக்கணும். இல்லேன்னா மொத்தமா ஃபார்மட் அடிச்சுட்டுப் புதுசு போடலாம். டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அடிச்சுடலாம்."

நாச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. "அடிச்சுடுங்க" என்றார்.

"உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா ஐயா?"

மதுரவல்லி வாசற்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவரும் கவனிக்கவில்லை.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து.

"இல்லாததை எதுக்கு அழிக்கணும்?"

"என் பொட்டிதானுங்களே."

"மடத்துக்குக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"குடுத்தேன்."

"கீழ் வரியைத் தொடாதீங்கன்னு சொல்லித்தானே குடுத்தீங்க."

நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்தது. ரியாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் காணாமல் போன அந்த வரிப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவரும் வழியை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பேசி முடித்ததும் கூப்பிடுங்கள் என்று வண்டியை எடுத்தார். விவரமானவர்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். துறவின்னா பழசைத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்பறம் என்னை எதுக்கு உள்ள போகச் சொல்றீங்க?"

"நான் சொல்லலை. பொட்டி சொல்லுது."

"பொட்டி சொல்றதைக் கேக்கறதுக்கா நான் மடத்துக்கு வந்தேன்?"

"நான் சொல்றதை நீங்க கேக்கறதில்லை. அதாச்சும் சொல்லிப் பாக்கட்டும்."

கூடத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துவிட்டு, சிரிக்காதவர் போல நாரைத் தேடினார்.

"நான் போக மாட்டேனுங்க. என்ன ஆனாலும் சரி. வேற பொட்டி வாங்கிக்கலாம்."

"வாங்கிக்கலாம். பேரும் வேற எங்கயாச்சும் வாங்கிக்கலாம்."

அந்த மாதப் பாடத்தை எல்லோரும் கையால் எழுதினார்கள். விரல் வலித்தவர்கள் நாச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார்கள். அவரும் எழுதினார். மற்றவர்களைவிட இரண்டு பங்கு எழுதினார், வீம்புக்கு.

அவர் எதைப் பார்க்க மறுக்கிறார் என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். போன மழைக்காலத்தில் அவருடைய தங்கை தெய்வானை வந்திருந்தார். கையில் ஒரு டிபன் கேரியர். அப்படி ஒரு உறவு எனக்கு இல்லை என்று நாச்சிமுத்து உள்ளிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குருவிடம்தான் சொல்லி அழுதார்.

அப்பா விட்டுப்போன வீடு, இரண்டு பேருக்கும் பாத்தியம். ஓடு சரிந்துவிட்டது. இரண்டாகப் பிரித்து அவரவர் பாகத்தைக் கட்டிக்கொள்வது என்று பேச்சு. ஊருக்கெல்லாம் பிளான் போடுகிற அண்ணனே கோடு போடட்டும் என்று தங்கை விட்டுவிட்டார். சுவர் எந்தப் பக்கம் போனால் தண்ணீருக்கு இருந்த ஒரே போர்க்குழாய் யாருக்கு என்ற இடத்தில் தகராறு வந்தது. ஊருக்கெல்லாம் நேராகப் போடுகிற கோடு எனக்கு மட்டும் வளைகிறதே என்று தங்கை கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள் என்று அண்ணன் கணினி மூடியை அறைந்து சாத்தினார். அன்று மாலையே மடத்தில் இருந்தார்.

அவர் கையெழுத்து இல்லாமல் வீட்டைப் பிரிக்க முடியாது. பிரிக்காமல் ஒரு செங்கல்லை எடுத்து வைக்க முடியாது. தெய்வானை பிள்ளைகளோடு தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார். நாச்சிமுத்து மலையடிவாரத்து மடத்தில் எல்லாவற்றையும் துறந்திருந்தார்.

தெய்வானை கொண்டுவந்த பணியாரத்தை மடத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். நாச்சிமுத்து மட்டும் தொடவில்லை. அதையும் துறவுக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் அவரைக் கணினியின் முன் உட்கார வைத்தது ஞானம் அல்ல, ரோஷம். ஒரு பொட்டியிடம் தோற்றதாக இருக்கக் கூடாது. ஒரு மாலை, ரியாஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டளையாகத் தட்டினார். இரண்டு முறை தப்பு வந்தது. தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினார். வேலை தெரிந்த மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. அணைத்துப் போட்டதும் பட்டியல் வந்தது. லினக்ஸ்தான் அழிந்துவிட்டதே. பட்டியலில் விண்டோஸ் என்று ஒரே ஒரு வரி இருந்தது.

மதுரவல்லி வந்து பக்கத்தில் நின்றார்.

"இப்பவும் சொல்றேனுங்க. உள்ள போவேன். எதையும் பாக்க மாட்டேன். அணைச்சுட்டு வந்துருவேன்."

"சரி."

"அதுக்கப்பறம் புதுசு போடுவேன். போட்டதும் எனக்குப் பேரு வேணும்."

"சரி."

கடவுச்சொல் கேட்டது. "மறந்துபோச்சே" என்றார் நாச்சிமுத்து. அவர் சொல்லி முடிக்கும் முன் விரல்கள் அடித்துவிட்டன.

திரை திறந்தது. தாராபுரத்து வீட்டின் பிளான். வாசல், கூடம், சமையலறை, பின்னால் போர்க்குழாய்க்கு ஒரு சின்ன வட்டம். அவர் மவுஸில் கை வைத்தார். திரையில் ஒரு கோடு அசைந்தது.

அவர் கையை எடுத்தார். கோடு நின்றது. மறுபடி வைத்தார். அசைந்தது. அதன் ஒரு முனை வாசல் சுவரில் குத்தியிருந்தது. மறுமுனையை எங்கே வைப்பது என்று சொல்லாமலே அன்று மூடியைச் சாத்தியிருந்தார். அது இன்னும் அவர் கை போகும் பக்கமெல்லாம் போனது. இடப்பக்கம் நகர்த்தினால் குழாய் தெய்வானைக்கு, வலப்பக்கம் நகர்த்தினால் அவருக்கு.

எதையும் பார்க்க மாட்டேன் என்றவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவருக்கே பிடிபடவில்லை. கோட்டை இடப்பக்கம் கொண்டுபோனார். வலப்பக்கம் கொண்டுபோனார். மறுபடி இடப்பக்கம் கொண்டுபோனார்.

மணி அடித்தது.

அவர் திடுக்கிட்டுப் போனார். அன்று காலடிச் சத்தம் கேட்கவே இல்லை. மடத்துக்கு வந்த பின் மணி அவரைப் பாதியில் பிடித்தது அன்றுதான்.

உடனே அவருக்கு ஒரு தைரியம் வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மணி அடிச்சிருச்சுங்க. அப்படியே விட்டுட்டு வரணும். மடத்து வழக்கம், நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"வாங்க" என்றார் மதுரவல்லி.

வழிபாடு முடிந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பேனா பாதி எழுத்துக்குத் திரும்பியது, கத்தி காய்க்குத் திரும்பியது. நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மதுரவல்லியும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போகலையா ஐயா?"

"எங்கீங்க?"

"பாதியில விட்டதுக்கு."

"அது எழுத்து இல்லீங்க. வெறும் கோடு. சேவ் பண்ண வேண்டாம்னு ஒரு பொத்தானை அமுக்குனா போயிரும்."

"அமுக்குங்க."

"அமுக்கத்தான் போறேன்."

அவர் போகவில்லை. மதுரவல்லி விளக்குத் திரியைச் சரி செய்தார்.

"எம் பங்கே எனக்கு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னவனுங்க நான். ஒரு வீட்டையே வேண்டாம்னு தூக்கிப் போட்டேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்தை விடறது?"

"வேண்டாம்னீங்க. குடுத்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"தெய்வானைகிட்டக் கேட்டுப் பாக்கலாமா?"

நாச்சிமுத்துவின் குரல் உயர்ந்தது. கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"முடியாதுங்க. அவ முன்னால போயி நின்னா நான் தோத்த மாதிரி. செத்தாலும் போக மாட்டேன். இதை இத்தோட முடிங்க. புதுசு போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, எனக்கு இப்பவே பேரைக் குடுங்க. நாச்சிமுத்துன்னு ஒருத்தன் இல்லவே இல்லைன்னு ஆயிரட்டும். யாரு வந்து கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாக்க வேண்டியதில்லை. குடுக்க முடியுமா முடியாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"குடுக்கறேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நிமிர்த்திய முதுகு அப்படியே நின்றது.

"நெசமாவுங்களா?"

"நெசமாத்தான். நாளைக்குக் காலையிலயே குடுக்கறேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஐயா. நாச்சிமுத்து இல்லைன்னு ஆயிட்டா, தெய்வானைக்குக் கையெழுத்து யாரு போடுவாங்க?"

நாச்சிமுத்து கட்டியிருந்த கையைப் பிரித்து எழுந்தார். கணினி இருந்த அறைப் பக்கம் நடந்தார்.